சாலொமோனின் கப்பல் ஓசூருக்கு வந்த வழி

ஓசூர்
12-6-1967

அன்புள்ள அக்காளுக்கு,

தம்பி ஐசக் எழுதிக்கொள்வது. நானும் ஜெபசீலியும் கர்த்தருடைய கிருபையால் சுகம். என் முதுகுவலி எங்கள் இருவரையும்விடச் சுகம். நாளுக்கு நாள் வளர்கிறது. சாயர்புரத்தில் எப்படி? போன கடிதத்தில் அத்தானைப் பற்றி "இருக்கிறார்" என்று மட்டும் எழுதியிருந்தாய். ஒரு பள்ளிக்கூடத்தையே பிரம்பு இல்லாமல் நடுங்க வைத்த தலைமையாசிரியருக்கு ஒற்றைச் சொல்தானா? ஓய்வு ஒத்துக்கொள்கிறதா இல்லையா, எழுது.

இங்கே நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். நம் சபை மாதப் பத்திரிகையில் அவ்வப்போது வேடிக்கையாக ஏதாவது எழுதுவேன் அல்லவா? இந்த மாதம் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். வேதத்தில் சாலொமோன் ராஜாவுக்குக் கப்பல் கப்பலாகப் பொன்னும் தந்தமும் மயிலும் குரங்கும் போயினவே, அந்த ஓப்பீர் தேசம் எங்கே? உலகமே தேடுகிறது. ஒருவன் ஆப்பிரிக்கா என்றான், ஒருவன் அரேபியா என்றான், இன்னொருவன் அமெரிக்கப் பக்கத்துத் தீவில் இறங்கி "இதுதான்" என்றானாம். அத்தனை பேரும் ஏமாந்தார்கள். மாட்டாஸ்பத்திரியில் பேதி மருந்து கலக்கும் நான் கண்டுபிடித்துவிட்டேன். ஓப்பீர், ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கிழக்கே இருக்கிறது.

ஆதாரமா? பொன்னுக்குப் பக்கத்திலேயே கோலார். தந்தத்துக்குச் சானமாவுக் காட்டு யானை. மயிலுக்குக் கொள்ளுக்காடு. குரங்குக்கு எங்கள் சமையலறை. கப்பல்தான் கொஞ்சம் இடித்தது. கடலைவிட மூவாயிரம் அடி உயரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். ஆகவே கப்பலைக் கடலூரில் நிறுத்திவிட்டு, பொன்னைப் பரிசலில் ஏற்றித் தென்பெண்ணை வழியாகக் காவேரிப்பட்டினம் கடத்தி அனுப்பிவைத்தேன். சானமாவுப் பக்கம் ஒரு பாறையில் வட்ட வட்டமாகக் குழிகள் இருக்கின்றன. சாலொமோனின் ஆட்கள் பொன் கல்லை இடித்த உரல்கள் அவை என்று எழுதிவிட்டேன். உண்மையில் என்ன குழி என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது எழுத வசதி.

பத்திரிகையைத் தனியே தபாலில் சேர்த்திருக்கிறேன். படித்துவிட்டுச் சிரி. அத்தானுக்கு என் ஸ்தோத்திரம்.

உன் தம்பி,
ஐசக்


சாயர்புரம்
3-7-1967

பிரியமுள்ள தம்பிக்கு,

அக்காள் தேவமணி எழுதியது. இங்கே வெயில், புழுக்கம், மற்றபடி குறைவில்லை. ஜெபசீலிக்குக் கருப்பட்டி அனுப்பியிருக்கிறேன். நீ எடுத்துத் தின்றால் எனக்குத் தெரிந்துவிடும்.

உன் கட்டுரை வந்தது. நான் சிரித்தேன். உன் அத்தான் சிரிக்கவில்லை.

ஐசக்கு, இதுவரை எழுதாததை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் மாலை போட்டுச் சாய்வு நாற்காலி கொடுத்து அனுப்பினார்களே, அன்றிலிருந்து அவர் அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். சவரம் கிடையாது. கோயிலுக்கு வருவது கிடையாது. தட்டு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார். கிணற்றடிக்குப் போகிற கதவை நான் பூட்டியே வைத்திருந்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உன் கட்டுரையை எடுத்துப் படித்தார். திரும்பவும் படித்தார். அப்புறம், "தேவமணி, அட்லஸ் எங்கே?" என்றார். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று! பரணில் ஏறி எலிப் புழுக்கையோடு எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் சவரம் செய்தார். கடலூருக்கும் ஓசூருக்கும் நடுவில் நூல் வைத்து அளந்துகொண்டிருக்கிறார். அங்கே வரப்போகிறாராம்.

விளையாட்டுக்கு எழுதினேன் என்று அவரிடம் சொன்னாயோ, நீ எனக்குத் தம்பி இல்லை. இந்தக் கடிதத்தைப் பற்றிப் பயப்படாதே. அடுத்தவர் கடிதம் படிப்பது அவருக்குத் திருட்டுக்குச் சமம்.

அன்புடன்,
அக்காள்


ஓசூர்
10-7-1967

அன்புள்ள அக்காளுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. கருப்பட்டி வந்து சேர்ந்தது. ஓர் ஓரத்தை எலி கடித்திருக்கிறது. அந்த எலிக்கு முதுகுவலி.

அக்கா, இங்கே கடல் இல்லை! தென்பெண்ணையில் பரிசல் விட வேண்டுமென்றால் தலையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். அத்தான் வந்து அந்த ஆற்றைப் பார்த்தால் என் தலை தப்பாது. தப்பினாலும், இது வெறும் கூத்து என்று தெரிந்து அவர் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டால்? ஜெபசீலியிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. "பொய்யச் சொன்ன வாயாலயே அதக் காப்பாத்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அறையை ஒழிக்கப் போய்விட்டாள்.

கிணற்றடிக் கதவைப் பற்றி நானும் எதுவும் கேட்கப் போவதில்லை. அவரை அனுப்பு. சாலொமோன் விட்ட கப்பலை நான் எப்படியாவது மிதக்க வைக்கிறேன்.

ஐசக்


சாயர்புரம்
24-7-1967

மைத்துனன் ஐசக்குக்கு,

ஜெபதுரை எழுதுவது. நலம். உங்கள் இருவரின் நலத்தையும் நாடுகிறேன்.

உன் கட்டுரையில் சந்திப் பிழைகள் மலிந்திருக்கின்றன. அவற்றை இப்போதைக்கு மன்னிக்கிறேன். பாறைக் குழிகளின் ஆழமும் அகலமும் குறிப்பிடப்படவில்லை. அவற்றைச் சுற்றி வாழும் மக்களின் வாய்மொழி வழக்குகள் விசாரிக்கப்படவில்லை. இவை அலட்சியத்தின் விளைவு. நான் நேரில் வந்து இரண்டையும் செய்கிறேன். அளவு நாடா நான் கொண்டுவருகிறேன். கன்னடம் தெரிந்த ஒருவரையும் ஒரு வண்டியையும் நீ ஏற்பாடு செய். சேலத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். காலை உணவுக்கு என்னால் யாருக்கும் தொந்தரவு வேண்டாம்.

ஜெபதுரை


ஓசூர்
20-8-1967

அன்புள்ள அக்காளுக்கு,

முதலில் நீ கேட்கப்போவதைச் சொல்லிவிடுகிறேன்: சாப்பிடுகிறார். "தொந்தரவு வேண்டாம்" என்று எழுதிய மனிதர் ஜெபசீலி கிண்டிய ராகிக் களியில் இரண்டாம் உருண்டை கேட்டார். தூங்குகிறார். குறட்டையில் பக்கத்து வீட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொள்கிறது. எனக்கோ தூக்கம் போய்விட்டது.

வந்ததும் காவேரிப்பட்டினம் போயாக வேண்டும் என்றார். கிருஷ்ணகிரி வழியாகப் பஸ்ஸில் போனோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். நடு ஆற்றில் ஒரு எருமை படுத்திருந்தது. அதன் முதுகு நனையவில்லை. போயிற்று நம் கப்பல் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அத்தான் கொஞ்ச நேரம் எருமையைப் பார்த்தார். "மேல அணை கட்டிட்டான். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தி தண்ணி வேற மாதிரி இருந்திருக்கும்லா?" என்றார். என் பொய்க்கு அவரே முட்டுக் கொடுக்கிறார், அக்கா! நான் என்ன செய்வது?

வண்டிக்கு லால் பாஷாவைப் பிடித்தேன். பஸ் ஸ்டாண்டில் ஜட்கா ஓட்டுகிறவன். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவான். குதிரைக்கு மட்டும் எதுவும் புரியாது. சானமாவுக்குப் போய், அத்தான் நாடாவை நீட்டிப் பாறையை அளந்ததும் ஊரே கூடிவிட்டது. இங்கே பெரிய கம்பெனிகள் வரப்போகின்றன என்று கொஞ்ச நாளாகப் பேச்சு. அத்தானைக் கம்பெனி சர்வேயர் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். ஒருவர் வந்து என் காதில், "நம்ம நெலத்தையும் ஒரு இழு இழுத்துப் பாக்கச் சொல்லுங்க சார்" என்கிறார். இன்னொருவர் எனக்குப் பூசணிக்காய் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன், மறுத்தால் சந்தேகம் வருமே.

பாறைக்குப் பக்கத்தில் கெம்பம்மா என்று ஒரு அம்மாள் குடியிருக்கிறாள். அந்தப் பாறைதான் அவளுக்கு ராகி அடிக்கிற களம். அத்தான் அவளை விசாரித்தார்.

"இந்தக் குழியெல்லாம் ரொம்பப் பழசோ?"

"ஹௌது சாமி, ஆமாங்க."

"ராஜா காலத்துல உண்டானதோ?"

"ஆமாங்க சாமி."

"தூர தேசத்துலேர்ந்து ஆளுக வந்து கல் இடிச்சாங்களோ?"

"ஆமாங்க, இடிச்சாங்க."

அத்தானுடைய முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உன் கல்யாணத்தன்றுகூட அப்படி இல்லை. வண்டியில் திரும்பும்போது என் தொடையைத் தட்டித் தட்டிப் பேசினார். அடிபட்டுச் சிவந்திருக்கிறது.

அக்கா, இப்போதுதான் சங்கதி. அவருடைய பழைய மாணவர் ஒருவர் சென்னையில் சரித்திரப் பேராசிரியராக இருக்கிறாராம். ஓப்பீர் கிடைத்துவிட்டது என்று அவருக்கு எழுதப்போகிறார். அந்தப் பேராசிரியர் சிரிக்கத்தான் செய்வார். சொந்த மாணவன் சிரித்தால் அத்தான் மறுபடியும் எழுந்திருப்பாரா? நான் என்ன செய்யட்டும், உடனே எழுது.

தவிப்புடன்,
ஐசக்


சாயர்புரம்
25-8-1967

தம்பிக்கு,

சுகம். அவரை அந்தக் கடிதம் எழுத விடாதே. உண்மையையும் சொல்லாதே. இரண்டுக்கும் நடுவில் என்ன உண்டோ அதைச் செய்.

அவர் அங்கே போனதிலிருந்து கதவைப் பூட்டுவதில்லை. பூட்டு எங்கே வைத்தேன் என்றே நினைவில்லை. அதைத் தேடும்படி வைத்துவிடாதே.

தேவமணி


ஓசூர்
8-9-1967

அன்புள்ள அக்காளுக்கு,

இந்தக் கடிதத்துக்கு முன்பே அத்தான் வந்து சேர்ந்திருப்பார். நடந்ததை என் வாயால் கேள்.

நீ சொன்ன அந்த நடுவிலே உள்ளதைத்தான் தேடிப் பார்த்தேன். மைப் புட்டியை ஒளித்தேன். பென்சில் எடுத்தார். அஞ்சல் உறை தீர்ந்துவிட்டது என்றேன். "போஸ்ட் ஆபீஸ் எதுக்கு இருக்கு?" என்றார். கடைசியில், "பேராசிரியருக்கு எழுதுமுன்ன சாட்சிய இன்னொரு தரம் விசாரிச்சிரலாமே அத்தான்" என்றேன். ஒரு நாளாவது தள்ளிப்போகட்டும் என்றுதான். அது எடுபட்டது. மறுபடி சானமாவு.

கெம்பம்மா மோர் கொடுத்தாள். அத்தான் குடித்துவிட்டு ஆரம்பித்தார். வந்தவர்கள் கப்பலில் வந்தார்களா? ஆமாங்க. குதிரையில் வந்தார்களா? ஆமாங்க. நடந்தா? ஆமாங்க சாமி. அத்தானுடைய பென்சில் நின்றுவிட்டது. வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. மெதுவாகக் கேட்டார்.

"அந்த ராஜாவுக்கு நாலு காலும்மா, இல்லையா?"

"ஆமாங்க சாமி, நாலு காலு."

லால் பாஷா வாயில் துண்டை வைத்துக்கொண்டான். நான் பாறையைப் பார்த்தேன். அத்தான் கோபிக்கவில்லை. "ஏம்மா, எல்லாத்துக்கும் ஆமாங்கன்னு சொல்லுதியே?" என்று கேட்டார்.

கெம்பம்மா அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். "இம்மாந் தூரம் வெயில்ல வந்து கேக்கறீங்க. இல்லேன்னு சொல்லி வெறுங்கையா அனுப்பறது நல்லாவா இருக்கும் சாமி?"

அத்தான் பென்சிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "சரிம்மா. இந்தக் குழிய யார் போட்டா?" என்றார். அதற்கு ஆமாங்க என்று சொல்ல முடியவில்லை. அவள் சொன்னாள்: "எம் மவ கண்ணாலத்துக்குப் பந்தக்காலு நட எடமில்ல, எல்லாம் பாறை. கல்லு ஒடைக்கறவங்களக் கூட்டியாந்து போட்டோம்."

ஓப்பீர் அங்கேயே முடிந்தது. லால் பாஷாதான் தாங்காமல், "உடுங்க சாப், கோலார் தங்கத்தக் கூட நம்ம கண்ணுல காட்டுனவங்க யாரு?" என்று ஆறுதல் சொன்னான். வீட்டில் ஜெபசீலி பரிமாறும்போது அத்தான் "சோறு போதும்" என்றார். விடிந்ததும் பெட்டியைக் கட்டினார். பஸ் ஏறும்போது நான், "அத்தான், கோவமா?" என்றேன். "நாடாவ மறந்துட்டேன், அனுப்பிவை" என்றார்.

எப்படி இருக்கிறார்? ஒரு வரி போடு.

உன் தம்பி,
ஐசக்


ஓசூர்
29-9-1967

அன்புள்ள அக்காளுக்கு,

என் கடிதம் கிடைத்ததா? நாடாவைப் பார்சலில் அனுப்பினேன், அதுவாவது வந்ததா?

தபால்காரர் எங்கள் தெருவுக்குள் வரும்போதே இப்போது தலையை ஆட்டிவிடுகிறார். ஜெபசீலி ராத்திரி ஜெபத்தில் அத்தான் பெயரை முதலில் சொல்கிறாள், என் பெயரைச் சொல்வதே இல்லை. இந்தக் கடிதத்தில் வேடிக்கையாக ஒரு வரி எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. மாட்டாஸ்பத்திரியில் ஒரு கன்றுக்கு மருந்து இரட்டிப்பாகக் கலந்துவிட்டேன். கன்று பிழைத்தது, டாக்டர் பார்த்த பார்வையில் நான்தான் பாதி போனேன்.

அக்கா, பூட்டைத் தேடினாயா? அதை மட்டும் சொல்.

ஐசக்


சாயர்புரம்
2-11-1967

பிரியமுள்ள தம்பிக்கு,

இங்கே யாவரும் சுகம். "யாவரும்" என்பதை நன்றாகப் படித்துக்கொள்.

உன் கடிதங்கள் வந்தன. பதில் எழுத எனக்குக் கை ஒழியவில்லை. வந்த அன்று அவர் நேரே கட்டிலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் கிணற்றடிக் கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கெல்லாம் அடுப்பு மூட்டவில்லை. சாயங்காலம் உள்ளேயிருந்து சத்தம்: "தேவமணி, சிவப்பு மை இருக்கா?"

அதிலிருந்து வீடு வீடாக இல்லை. பாளையங்கோட்டை நூலகத்துக்கு வாரம் தவறாமல் போகிறார். ஓப்பீரைத் தேடிப் போன அத்தனை பேரையும் ஒவ்வொருவராக நிறுத்தி வைத்துத் திட்டிக் கட்டுரை எழுதுகிறார். எழுதியதை நான் மீன் கழுவும்போது பின்னாலேயே வந்து படித்துக் காட்டுகிறார். நேற்று ஒரு போர்த்துகீசியன் செய்த தப்புக்காக என்னை முறைத்தார். அந்தச் சாய்வு நாற்காலியில் இப்போது உட்கார இடமில்லை, எல்லாம் புத்தகம்.

உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உனக்குத் தெரிவதற்காகச் சொல்கிறேன்: கட்டுரையில் "ஓசூர்க் கம்பவுண்டர் ஒருவர்" என்று ஒருவர் வருகிறார். அவருக்குத்தான் எல்லோரையும்விடத் திட்டு அதிகம்.

நாடா வந்தது. ஜெபசீலியை என் பெயரையும் ஜெபத்தில் சேர்க்கச் சொல்.

அக்காள்


சாயர்புரம்
15-1-1968

மைத்துனன் ஐசக்குக்கு,

ஜெபதுரை எழுதுவது. நலம். உன் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

என் மறுப்புக் கட்டுரை இம்மாதப் பத்திரிகையில் வந்திருக்கிறது. பார்த்திருப்பாய். ஓப்பீர் இருந்ததா என்றால், எங்கோ இருந்திருக்கலாம். பலஸ்தீனத்தில் ஒரு பானை ஓட்டில் அதன் பெயர் கிடைத்திருக்கிறதாம், ஊர் கிடைக்கவில்லை. வேதத்திலும் வழி சொல்லப்படவில்லை. ஆகவே அவனவன் எங்கே போக ஆசைப்பட்டானோ அங்கே அதைக் கண்டுபிடித்தான். ஆப்பிரிக்காவில் அந்த மக்களே கட்டிய கோட்டையைப் பார்த்துச் சாலொமோன் கட்டினான் என்றார்கள். தென்கடலில் ஒரு தீவுக் கூட்டத்துக்கு அந்த ராஜாவின் பெயரையே வைத்தும் அவர்கள் தேடிய பொன் வந்தபாடில்லை. எல்லோரும் அங்கங்கே ஒரு கெம்பம்மாவைப் பார்த்து, "இதுதானே?" என்று கேட்டிருப்பார்கள். அவளும் வெயிலில் வந்தவர்களை வெறுங்கையாக அனுப்பியிருக்க மாட்டாள். ஆமாம் என்று பதில் வரும் கேள்வியை ஆசிரியன் கேட்கலாகாது. இதை நாற்பது வருஷம் மற்றவர்களுக்குச் சொன்னேன். நானே கேட்டேன்.

பழைய மாணவனான பேராசிரியனுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். ஒரு வருஷத்தைத் தவறாகக் குறித்திருக்கிறேன் என்று பதில் எழுதியிருக்கிறான். அவன் சொல்வதே சரி. எனக்கு அன்று முழுவதும் சந்தோஷம்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ எழுதியது விளையாட்டு என்று முதல் தடவை படித்தபோதே எனக்குத் தெரியும். பிள்ளைகள் சொல்லும் பொய்யைக் கேட்டே தலை நரைத்தவன் நான். இரண்டாம் தடவை படித்தபோது, உண்மையாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. ஆற்றில் இறங்கி நின்றபோது உண்மைதான் என்றே தோன்றிவிட்டது. ஓப்பீர் தேடிப் போன அந்த மாலுமிகளையெல்லாம் இவ்வளவு திட்டியும் முழுதாகக் கோபிக்க முடியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

கட்டுரைக்குப் பின் வேலையில்லாமல் இருக்கிறேன். தோமாவின் கல்லறை, நோவாவின் பேழை, ஏதேன் தோட்டத்தின் வாசல், எதையாவது எடுத்துக்கொண்டு ஓசூரில் வைத்து எழுது. இம்முறை கொஞ்சம் கஷ்டமாக எழுது. போன பொய் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குரியது.

ஜெபதுரை

இந்த ஓரத்தில் நான் எழுதுகிறேன், தம்பி. மை சிந்தியிருக்கிறது, பொறுத்துக்கொள். தை மாதத்துக்குள் எழுதி அனுப்பிவிடு. பொய்யை நீ பார்த்துக்கொள், பாவத்தை நான் ஜெபத்தில் பார்த்துக்கொள்கிறேன். — தேவமணி